ஆங்கிலக் கடலோர நகரங்கள்: எங்கே, எப்போது, எதற்காக

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களின் பட்டியலில் கடற்கரை நகரம் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் பிரைட்டன்தான். லண்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். திரும்பியவர்களில் பலருக்கு ஏமாற்றம். மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல். தண்ணீரில் கால் வைத்தால் எலும்புவரை குளிர்கிறது. வெயில் சற்று நேரம் எட்டிப் பார்த்துவிட்டு மேகத்துக்குள் போய்விடுகிறது. மெரினாவையும் திருச்செந்தூரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பது நியாயமே.

கடலை மட்டும் பார்க்கப் போனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதே என் பதில். பார்க்க வேண்டியது கரையில் இருக்கிறது. கடலோரத்தில் ஓய்வுக்கென்றே ஒரு நகரத்தைக் கட்டி வளர்க்கும் வழக்கம் முதலில் வேரூன்றியது இங்கிலாந்தில். ஆலைத் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு ஒரு வாரம் வேலையை மறந்து இருக்கலாம் என்பது நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கரைகளில்தான். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு மேகம் மூடிய நாளும் வீண்போகாது. எந்த ஊர், எந்த மாதம், எத்தனை இரவு, எங்கே தங்குவது என்ற கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

தொடக்கம் மருத்துவம். யார்க்‌ஷயர் கரையில் உள்ள ஸ்கார்பரோவில், குன்றின் அடியில் ஊறிய நீருக்கு மருந்துக் குணம் உண்டு என்ற பேச்சு 1620-களில் பரவியது. 1660-இல் ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் அந்த நீரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். ஊற்று கடலை ஒட்டியே இருந்ததால், குடிக்க வந்தவர்கள் குளிக்கவும் தொடங்கினார்கள். 1730-களில் வெளியான ஸ்கார்பரோ செதுக்கோவியம் ஒன்றில் குளியல் வண்டி தென்படுகிறது. அது சக்கரம் பூட்டிய மரப்பெட்டி. குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். உள்ளே உடை மாற்றிக்கொண்டு மறுபக்கப் படியில் இறங்கி நீரில் முங்கலாம். தெற்கே பிரைட்டனுக்கு அருகில் தொழில் நடத்திய ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1750-இல், கடல்நீரைக் குடிப்பதும் அதில் குளிப்பதும் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று லத்தீனில் நூல் வெளியிட்டார். 1783-இல் இளவரசர் ஜார்ஜ் பிரைட்டனுக்கு வந்தார். 1789-இல் அவருடைய தந்தை மூன்றாம் ஜார்ஜ் வேமவுத்தில் கடலில் இறங்கினார். பிரபுக்களும் வணிகர்களும் பின்தொடர்ந்தார்கள். அந்தத் தலைமுறை இதமான நீரைத் தேடவே இல்லை. குளிரும் உப்பும்தான் அவர்களுக்கு மருந்து. வெதுவெதுப்பான தெற்கை விட்டு வடகடலின் கரையில் முதல் கடலோர நகரம் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரைட்டனில் நம் நாட்டவர் இருவகையாகத் தடம் பதித்திருக்கிறார்கள். பாட்னாவில் 1759-இல் பிறந்த ஷேக் தீன் முகமது அங்கே நீராவிக் குளியலும் உடம்புபிடித்தலும் தரும் குளியலகம் நடத்தினார். நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரிடம் சிகிச்சை பெற்றார்கள். முதல் உலகப் போரில், மினாரும் குவிமாடமுமாக எழுந்து நிற்கும் ராயல் பவிலியன் மாளிகை காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கு மருத்துவமனை ஆனது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரின் உடல்கள் நகருக்கு வெளியே குன்றுகளின் மேல் எரியூட்டப்பட்டன. அந்த இடத்தில் 1921-இல் சத்ரி என்ற வெண்பளிங்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. பிரைட்டனுக்குப் போகிற தமிழர்கள் கூழாங்கல் கரையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது அங்கே ஏறிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமும் அரச குடும்பமும் தொடங்கிவைத்ததை ரயில் அடியோடு மாற்றியது. பிரைட்டனுக்கு 1841-இலும், ஸ்கார்பரோவுக்கு 1845-இலும், பிளாக்பூலுக்கு 1846-இலும் ரயில் வந்தது. பிளாக்பூலின் வரலாறுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்களில் ‘வேக்ஸ்’ என்ற தேவாலயத் திருவிழா வாரம் பழைய காலந்தொட்டு இருந்தது. அந்த நாட்களில் ஆள் வரமாட்டார்கள் என்பது ஆலை முதலாளிகளுக்குத் தெரியும். முழு ஆலையையும் நிறுத்தி, கொதிகலனையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்க அந்த வாரத்தை ஒதுக்கினார்கள். ஓல்டாமுக்கு ஒரு வாரம், போல்டனுக்கு வேறொரு வாரம் என்று ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி வாரம். ஊர் மொத்தமும் ரயிலேறிப் பிளாக்பூலுக்குப் போனது. பக்கத்துத் தறிக்காரரே அங்கே பக்கத்து அறைக்காரர். பெரும்பாலும் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் சங்கங்களில் வாரவாரம் சில்லறை கட்டிச் சேர்த்த பணம்தான் செலவுக்கு. பல விடுதிகளில் சாப்பாட்டுப் பொருளை விருந்தினரே கடையில் வாங்கிக் கொடுப்பார்கள்; வீட்டுக்காரம்மா சமைத்துப் பரிமாறுவார். ஜான் லபாக் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தால் 1871-இல் பொது விடுமுறை நாட்கள் கிடைத்தன. கூலியோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938-இல்தான் வந்தது.

அந்த ஆலைகள் நெய்த துணிக்குப் பெருஞ்சந்தை இந்தியா. லங்காஷயர் துணி இங்கே வந்து குவிந்தபோது நம் கைத்தறிக் குடும்பங்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. அங்கே தறி ஓட்டியவரும் ஒரு வாரக் கடற்காற்றுக்காக ஐம்பத்தொரு வாரம் காசு சேர்த்த ஏழைதான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பிளாக்பூல் கோபுரத்தின் அடியில் நிற்கும்போது இந்த இரண்டும் எனக்கு ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன.

இப்படி விடுமுறைக்கு வந்தவர்களுக்காக எழுந்தவைதாம் இன்று நாம் பார்க்கப் போகிறவை. கடலுக்குள் நீண்டு செல்லும் கடற்பாலங்கள் தொடக்கத்தில் படகில் வருகிறவர்கள் கால் நனையாமல் இறங்கக் கட்டிய துறைகள். வைட் தீவில் ரைட் நகரின் பாலம் 1814-இல் திறந்தது. பிறகு படகு தேவையில்லாமல், நடப்பதற்காகவே காசு கொடுத்து மக்கள் வரத் தொடங்கினார்கள். பாலத்தின் நுனியில் நடன அரங்கும் நாடக மேடையும் முளைத்தன. பிளாக்பூலில் 1863, 1868, 1893 ஆண்டுகளில் திறந்த மூன்று பாலங்களும் இன்றும் நிற்கின்றன. 1885-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் இன்னும் ஓடுகிறது. 1894-இல் திறந்த கோபுரத்தின் உயரம் 158 மீட்டர். உள்ளே இருக்கும் நடன மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தால், கூலிக்காரர்களுக்காக இப்படி ஓர் அரண்மனையா என்று வியப்பு வரும். சவுத்தெண்டின் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இவ்வகைப் பாலங்களில் உலகிலேயே நீளமானது அதுதான், நுனிவரை போக அதன்மேல் சிறு ரயிலும் உண்டு. கிழக்கு லண்டன் தமிழர்களுக்கு அந்த ஊர் மிக அருகில். குரோமர் நகரின் பாலத்து அரங்கில் கோடை முழுவதும் பாட்டும் நடனமும் நகைச்சுவையும் கலந்த பல்சுவை நிகழ்ச்சி பழைய முறையிலேயே இன்றும் நடக்கிறது. கடற்பாலங்கள் எதிர்கொண்ட ஆபத்துகள் பல. 1940-இல் ஜெர்மானியர் இறங்கிவிடக் கூடாது என்று பல பாலங்களை நடுவில் துண்டித்தார்கள். புயலும் தீயும் பிற்பாடு பலவற்றைத் தின்றன. பிரைட்டனின் மேற்குப் பாலம் 1975-இல் மூடப்பட்டு, 2002, 2003 ஆண்டுகளில் இடிந்தும் எரிந்தும் இரும்புக் கூடாக நிற்கிறது.

பிறகு சரிவு. 1950-களில் தொடங்கி, 1970-களில் பெருகிய மலிவு விமானப் பயணம் ஆங்கிலக் குடும்பங்களை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது. விடுதிகள் காலியாகி, ஒற்றை அறைகளாகப் பிரிந்து, போக்கிடம் இல்லாதவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளாயின. எசெக்ஸ் கரையில் விடுமுறைக் குடில்களாகத் தொடங்கிய ஜேவிக், இங்கிலாந்திலேயே மிக வறிய பகுதி என்று 2010, 2015, 2019 ஆண்டுகளின் அரசுக் கணக்கீடுகளில் வந்தது. பிரபுக்கள் அவைக் குழு 2019-இல் கடலோர நகரங்களைப் பற்றித் தனி அறிக்கை தந்தது. தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021-இல் தமது ஆண்டறிக்கை முழுவதையும் கடலோர மக்களின் உடல்நலக் குறைவுக்கே ஒதுக்கினார். மருந்துக்காகத் தொடங்கிய ஊர்களைப் பற்றி இப்படி ஓர் அறிக்கை வர நேர்ந்தது எனக்குப் பெரும் வருத்தம்.

இந்தச் சரிவை எப்படிப் பார்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நியூ பிரைட்டனில் குப்பைக்கு நடுவே ஐஸ்கிரீம் தின்னும் குடும்பங்களை மார்ட்டின் பார் எடுத்த வண்ணப்படங்கள் 1986-இல் நூலாக வந்தபோது, ஏழைகளைக் கேலி செய்கிறார் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். உள்ளதை உள்ளபடி காட்டினார் என்றார்கள் மறு சாரார். மார்கேட்டில் 2011-இல் ஓவியர் டர்னர் பெயரில் கலைக்கூடம் திறந்தது; லண்டன்காரர்கள் வந்தார்கள், கடைகள் உயிர்பெற்றன, வாடகை உள்ளூர்க்காரர் கைக்கு எட்டாமல் ஏறியது. வரலாற்றாசிரியர் ஜான் வால்டனின் 1983-ஆம் ஆண்டு நூலில் ஒரு கருத்து பயணிக்கும் உதவும்: ஓர் ஊரின் குணத்தை அந்த நிலம் யார் கையில் இருந்தது என்பது பெரிதும் தீர்மானித்தது. ஈஸ்ட்போர்னில் டெவன்‌ஷயர் கோமகன் குடும்பம் பெருநிலம் வைத்திருந்ததால் அந்த ஊர் திட்டமிட்டு, அமைதியாக, மேல்தட்டினருக்காக வளர்ந்தது. பிளாக்பூலின் நிலம் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. சின்ன முதல் போட்ட கடைக்காரர்களும் விடுதிக்காரம்மாக்களும் அந்த ஊரைக் கட்டினார்கள். இரைச்சலும் விளக்கும் கூட்டமும் பிடித்தவர் பிளாக்பூலுக்கும், பூங்காவும் வாத்திய மேடையும் பிடித்தவர் ஈஸ்ட்போர்னுக்கும் போகலாம் என்பது இன்றும் பொருந்துகிறது.

முதல்முறை போகிறவருக்கு ஒரே ஓர் ஊரைச் சொல் என்றால் ஸ்கார்பரோ என்பேன். மருத்துவ ஊற்று முதல் காசு போட்டு விளையாடும் கூடங்கள் வரை எல்லாக் காலத்தின் அடுக்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். நடுவில் பாறை முனை, அதன்மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை. இரு பக்கமும் இரண்டு வளைகுடாக்கள். தென்பக்கம் துறைமுகம், மீன்கடைகள், சத்தம். வடபக்கம் வண்ணமடித்த மரக்குடில்களும் அமைதியும். கத்பர்ட் பிராட்ரிக் வடிவமைத்து 1867-இல் திறந்த கிராண்ட் ஓட்டல் கரையையே ஆள்கிறது. ஆண்டின் கணக்குப்படி 365 அறை, 52 புகைபோக்கி, 12 தளம், 4 கோபுரம் என்று திட்டமிட்டதாகச் சொல்வார்கள். குன்றில் ஏறி இறங்க 1875-இல் வந்த இழுவை ரயில்தான் பிரிட்டனின் முதல் குன்று ரயில். முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் குன்று ரயில்கள் ஓடும் நாட்களைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் அவ்வளவு செங்குத்து. பழைய ஊற்றின் இடத்தில் இருக்கும் ஸ்பா மண்டபத்தில் கோடையில் ஓர் இசைக்குழு பகலிலேயே வாசிக்கிறது. கடலோர நகரங்களில் இப்படித் தொழில்முறைக் குழு எஞ்சியிருப்பது இங்கேதான். பீஸ்ஹோம் பூங்கா ஏரியில் 1927 முதல் பொம்மைப் போர்க்கப்பல்கள் சண்டையிடுகின்றன. பல கப்பல்களுக்குள் ஆளே உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். புனித மேரி தேவாலயத்தில், 1849-இல் கடற்காற்று உயிர் தரும் என்று நம்பி இங்கே வந்து இறந்த எழுத்தாளர் ஆன் பிரான்ட்டியின் கல்லறை இருக்கிறது.

எப்போது போவது? பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை. அந்த ஆறு வாரங்களில் வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஜூனில் பள்ளி நடக்கிறது, இரவு ஒன்பதரைவரை வெளிச்சம் இருக்கிறது. செப்டம்பரில் கடல்நீர் கோடை வெப்பத்தை இன்னும் இழக்காமல் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் நல்லது. கிழக்குக் கரையில் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் கடலிலிருந்து மூடுபனி உருண்டு வரும். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் யார்க்கில் வெயில் காய, ஸ்கார்பரோவில் எதிர்வீடு தெரியாது. மெல்லிய கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் ஜூலையிலும் பையில் இருக்க வேண்டும். பிளாக்பூலுக்கு மட்டும் கணக்கு வேறு: கரை நெடுக விளக்கலங்காரம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குவதால் இலையுதிர்காலமே அந்த ஊருக்குச் சிறந்த காலம்.

நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஓதம். சென்னைக் கரையில் கடல் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அதை யாரும் நாட்காட்டியில் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் அது பல மீட்டர். பிரிஸ்டல் கால்வாயில் உலகின் மிகப் பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று நிகழ்கிறது. வெஸ்டன்-சூப்பர்-மேரில் தாழ் ஓதத்தின்போது கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். நடந்து போய்த் தொடலாம் என்று கிளம்புகிறவர் சேற்றில் இடுப்புவரை புதைவார். ஏறும் நீர் முதுகுப்புறமாக வந்து சூழ்ந்துகொள்ளும் இடங்களும் உண்டு. மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் இறந்தார்கள். ஸ்கார்பரோவுக்குத் தெற்கே ஃபைலியின் பாறை நாக்கிலும் நேரம் பார்க்காமல் போனால் சிக்கிக்கொள்ளலாம். உயர் ஓதங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அந்தந்த ஊரின் ஓத அட்டவணை முன்கூட்டியே கிடைக்கும்.

குளிப்பதென்றால், சிவப்பும் மஞ்சளும் பாதிப்பாதியாக உள்ள கொடிகள் இரண்டுக்கு நடுவில் மட்டும் இறங்க வேண்டும். அங்கேதான் காவலர் கண்காணிக்கிறார். முழுச் சிவப்புக் கொடி என்றால் நீருக்குள் போகவே கூடாது. கோடையிலும் வடகடலின் நீர் 15 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு திணறும். மெல்ல இறங்க வேண்டும். திணறினால் மல்லாந்து மிதக்க வேண்டும். இந்தக் கடற்காவலைப் பல கரைகளில் செய்வது 1824-இல் தொடங்கிய உயிர்ப்படகு நிறுவனம். பெரும்பாலும் நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் நடப்பது. கரையோரம் அதன் உண்டியலைப் பார்த்தால் ஒரு பவுண்டு போடுங்கள். பலத்த மழைக்குப் பிறகு கழிவுநீர் கடலில் கலப்பது இங்கிலாந்தில் இன்று பெரும் அரசியல் பிரச்சினை. ஒவ்வொரு குளியல் கரையிலும் அதன் நீர்த்தரம் எழுதிய பலகை இருக்கும். ‘மோசம்’ என்றிருந்தால் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் ஒரு செய்தி நம்மில் பலருக்கு முக்கியம். யார்க்‌ஷயரில் மீனையும் உருளைக்கிழங்கையும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அந்தச் சுவைதான் அசல் என்பது அவர்கள் கட்சி. சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் வெறும் சிப்ஸ்தானே என்று வாங்கிவிடக் கூடாது; தாவர எண்ணெயா என்று கேட்டால் கடைக்காரர் சொல்லிவிடுவார், தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. மீன் உண்பவர்கள் அங்கே காட் மீனைவிட ஹாடக் கேட்பது ஊர் வழக்கம். பொட்டலத்தைக் கரையில் பிரித்தால் கடற்காகம் பின்னாலிருந்து வந்து பறித்துவிடும். சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் தப்பலாம்.

தங்குமிடம் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் பயணியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். நாடகமும் இசையும் விளக்கும் மாலையில்தான் தொடங்குகின்றன. ஆலன் ஐக்போர்னின் நாடகங்கள் முதலில் மேடையேறிய ஸ்டீபன் ஜோசஃப் அரங்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறது, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அது கிடைக்காது. தங்குவது காலை உணவோடு அறை தரும் குடும்ப விடுதியில் இருக்கட்டும். பக்கத்து ஊரான விட்பியில், விடுமுறை வாடகைக்கென்றே வெளியூர்க்காரர்கள் வீடுகளை வாங்கிக் குவித்ததால் உள்ளூர் இளைஞர்களுக்கு வீடில்லாமல் போயிற்று. 2022-இல் நடந்த ஊர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் பெரும்பான்மையாக அதற்குக் கட்டுப்பாடு கேட்டார்கள். விடுதியில் கொடுக்கும் பணம் அந்த ஊரில் வாழ்கிற குடும்பத்துக்குப் போகிறது. வேக்ஸ் வாரக் காலத்து வீட்டுக்காரம்மாவின் வழிவந்த தொழில் அது.

போக்குவரத்து எளிது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் இரண்டு மணி நேரம், அங்கே மாறினால் ஸ்கார்பரோ இன்னொரு ஐம்பது நிமிடம். முன்பதிவுச் சீட்டு மிகவும் மலிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடக்கும், தவிர்க்கலாம். ஸ்கார்பரோவிலிருந்து விட்பிக்குப் போன கடலோர ரயில் பாதை 1965-இல் மூடப்பட்டு இப்போது நடைபாதையாக இருக்கிறது. ஆனால் பேருந்து உண்டு. மூன்றாவது நாள் கையில் இருந்தால், டிராகுலா நாவலில் வரும் விட்பியின் 199 படிகளையும் மடத்தின் இடிபாடுகளையும் பார்த்துவிட்டு வரலாம்.

திட்டமிடும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஓத அட்டவணையைத் திறந்து, பகல் நடுவில் நீர் தாழ்ந்திருக்கும் வாரநாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பீஸ்ஹோம் சண்டையும் ஸ்பா இசையும் நாடகமும் உண்டா என்று பாருங்கள். பிறகு விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசி அறை எடுங்கள். ரயில் சீட்டு கடைசியில்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை முதலில் எடுத்துவிட்டால், நீங்கள் போய் இறங்கும் நண்பகலில் கடல் சுவர்வரை ஏறி நின்று, கால் வைக்க மணல் இல்லாமல் போகலாம்.